அம்மாயி படத்துக்குச் சங்கிலி வேண்டாம்

உங்கள் அம்மாயி (அம்மாவின் அம்மா) ஓவியத்தில் அடக்குமுறை தெரிய, சங்கிலி வரையலாமா என்று கேட்டிருந்தீர்கள். சங்கிலியெல்லாம் வரைய வேண்டாம். பார்க்கும் இடத்தை மாற்றுங்கள், போதும்.

ஆசாரத்தில் (வீட்டுக் கூடத்தில்) ஆண்கள் சாப்பிட, அம்மாயி சமையலறை நிலைப்படியில் உட்கார்ந்திருக்கும் படம். பார்க்கிறவர்கள் "கிராமத்து அழகு" என்று மட்டும் சொல்கிறார்கள், அடக்குமுறை தெரியவில்லை என்கிறீர்கள். நீங்கள் ஆசாரத்தில் நின்று வரைந்ததுதான் காரணம் என்று படுகிறது. இலை முன் உட்கார்ந்தவர் கண்ணில் தெரிகிற அம்மாயி அது. போதாததற்கு அந்த வெள்ளைச் சேலையில் மாலை வெயிலின் மஞ்சளை ஏற்றிவிட்டீர்கள். கைம்பெண் கோலம் அலங்காரமாகிவிட்டது.

இத்தாலியப் பெண் ஓவியர் ஆர்ட்டமீசியா ஜென்டிலெஸ்கி 1610-இல் வரைந்த சூசன்னா ஓவியத்தைப் பாருங்கள். சூசன்னா, குளிக்கும்போது இரண்டு முதியவர்கள் ஒளிந்து பார்த்து மிரட்டிய விவிலியக் கதைப் பெண். சுவருக்கு மேலிருந்து இரண்டு ஆண்கள் குனிகிறார்கள். கீழே கல் இருக்கையில் அவள் உடம்பை முறுக்கி விலகுகிறாள், நகர இடமே இல்லை. படத்தின் மேல்பாதியே அவளை அழுத்துகிறது. இந்திய ஓவியர் அம்ரிதா ஷெர்-கில்லின் 'மூன்று பெண்கள்' (1935) வேறு வழி: பின்னணியில் வீடு, பாத்திரம் எதுவும் இல்லை, தாழ்ந்த கண்கள்தான் எல்லாம் சொல்கின்றன.

சரி, செய்து பாருங்கள். சமையலறைக்குள் தரையில் உட்கார்ந்து, அம்மாயியின் முதுகுக்குப் பின்னாலிருந்து கரித்துண்டில் ஒரு சின்ன வரைவு. முதுகு பெரிதாக, நிலை குறுகலாக, அதற்கப்பால் இலைகளும் கால்களும் மட்டும். கதை சொல்லாமல் யாரிடமாவது காட்டி, "இதில் யார் எங்கே போக முடியாது?" என்று கேளுங்கள். பதில் உடனே வந்தால் வண்ணத்துக்குப் போகலாம்.

ஒன்று மட்டும். அம்மாயியை வெறும் பாவப்பட்ட உருவமாக்கிவிடாதீர்கள். பால் கணக்கும் மாட்டு விலையும் அவர் வாயில்தான் இருந்திருக்கும். அவர் இன்னும் உயிரோடு இருந்தால் அவரிடமே கேட்டுவிட்டு வரையுங்கள்.