மெலிந்து வந்த முயலைத் தேற்றுவது எப்படி? கேள்வி பதில்

யாரோ ஆசையாக வாங்கி, பிறகு கைவிட்ட முயல்களை வீட்டில் வைத்துத் தேற்றி, நல்ல இடம் பார்த்து அனுப்புவதைப் பத்து வருடமாகச் செய்துவருகிறேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவரிடம் போகும் முன்னும் பின்னும் வீட்டில் செய்ய வேண்டியவற்றைத்தான் இங்கே சொல்கிறேன்.

சேலத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி: அக்கா, பக்கத்து வீட்டில் குடியிருந்தவர்கள் காலி செய்தபோது வெள்ளை முயல் ஒன்றைக் கூண்டோடு மொட்டை மாடியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தடவினால் முதுகெலும்பு கையில் குத்துகிறது. எடை 1.2 கிலோ. பாவமாக இருந்ததால் நேற்று கேரட், பொட்டுக்கடலை, பிஸ்கட் எல்லாம் வைத்தோம். அள்ளி அள்ளித் தின்றது. இன்று காலையிலிருந்து மூலையில் சுருண்டு உட்கார்ந்திருக்கிறது.

முதலில் கூண்டின் தரையைப் பாருங்கள். புழுக்கை இருக்கிறதா? பன்னிரண்டு மணி நேரமாகத் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். இன்றே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். காதைத் தொட்டுப் பாருங்கள். முயலின் உடல் சூடு 38.5 முதல் 40 டிகிரி வரை இருக்கும். காது சில்லென்று இருந்து உடம்பும் துவண்டிருந்தால், வெந்நீர்ப் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்தபடியே கொண்டுபோங்கள்.

நீங்கள் அன்பால்தான் கொடுத்தீர்கள், அது எனக்குப் புரிகிறது. ஆனால் முயலின் வயிறு நம்முடையது போல இல்லை. அதன் குடலின் பின்பகுதியில் ஒரு பெரிய பை உண்டு. அதில் வாழும் நுண்ணுயிரிகள்தான் நாரைப் புளிக்கவைத்துச் சத்தாக்குகின்றன. பட்டினி கிடந்த முயலில் அந்தக் கூட்டமே நிலைகுலைந்து போயிருக்கும். அந்த நேரத்தில் மாவும் சர்க்கரையும் உள்ளே போனால் வேண்டாத கிருமிகள் பெருகி, வாயு நிறைந்து, குடல் அசைவு நின்றுவிடும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. போதாததற்கு, நாள்கணக்கில் பட்டினி கிடந்த எந்த உயிருக்கும் ஒரேயடியாக மாவுச்சத்தைக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் முதலில் குடல் தேற வேண்டும். சதை அப்புறம்தான். முதல் வாரம் புல்லும் தண்ணீரும் தாராளமாக இருக்கட்டும். தானியம், பழம், கேரட், பிஸ்கட் எதுவும் வேண்டாம். தண்ணீரைக் கனமான மண் சட்டியில் வையுங்கள். பாட்டில் குழாயை நக்குவதைவிடச் சட்டியில் நன்றாகக் குடிக்கும்.

ஈரோட்டிலிருந்து ஒருவர்: புல் புல் என்கிறீர்கள். ஆன்லைனில் விற்கும் திமோத்தி புல் எனக்குக் கட்டுப்படியாகவில்லை. வைக்கோல் போடலாமா?

வைக்கோலைப் படுக்கைக்குப் போடுங்கள். தின்னக் கொடுத்தால் வயிறு நிறையும், உடம்பில் ஒட்டாது. நம் ஊரில் அருகம்புல்லைவிடச் சுலபமாக என்ன கிடைக்கும்? மருந்தடிக்காத, நாய் நடமாட்டம் இல்லாத இடத்தில் அறுத்து, அலசி, நிழலில் உலர்த்தி வையுங்கள். மாடு வைத்திருப்பவர்களிடம் கோ-4 தீவனப்புல் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி நறுக்கிப் போடலாம். பச்சைப்புல்லே பழக்கமில்லாத முயலுக்கு முதல் நாள் ஒரு பிடி, அப்புறம் தினமும் கொஞ்சம் கூடுதலாக. குதிரைமசால் என்ற தீவனச் செடியில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம். மெலிந்த முயலுக்கு இரண்டாவது வாரத்திலிருந்து புல்லோடு கொஞ்சம் கலந்து கொடுக்கலாம், எடை தேறியதும் குறைத்துவிட வேண்டும். முள்முருங்கை இலை, கொத்தமல்லி, புதினா இவற்றை ஒரு நேரத்தில் ஒன்றாகத் தொடங்கி, இரண்டு நாள் புழுக்கையைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். குச்சித் தீவனத்தை (கடையில் விற்கும் பெல்லட்) ஒரு ஸ்பூனில் தொடங்குங்கள். பிறகு மெல்ல மெல்ல, கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராம் வரை போகலாம்.

மதுரையிலிருந்து ஓர் அம்மா: புல்லை முகர்ந்து பார்க்கிறது, வாயில் வைக்கிறது, கீழே போட்டுவிடுகிறது. தாடை ஈரமாகவே இருக்கிறது.

இது பல் பிரச்சினையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். முயலின் பல் ஆயுள் முழுக்க வளரும். முன்பல் வாரத்துக்கு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல்கூட வளரும். நார் தின்னாத முயலுக்குக் கடைவாய்ப் பல் தேயாமல், ஓரம் கூராகி நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். பசி இருந்தும் தின்ன முடியாது. மருத்துவரிடம் கடைவாயைக் கருவி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், முன்பல்லை மட்டும் பார்த்தால் தெரியாது. நகவெட்டியால் நீங்களே வெட்டிவிடாதீர்கள், பல் பிளந்துவிடும்.

குடல் அடைப்பு இல்லை என்று மருத்துவர் சொன்னால், பல் சரியாகித் தானே தின்னும்வரை சிரிஞ்சில் ஊட்டலாம். குச்சித் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்து, கூழாக மசித்து, வெதுவெதுப்பாக ஆறவிடுங்கள். முயலைத் துண்டில் சுற்றி, நான்கு காலும் தரையில் இருக்கும்படி உங்கள் மடிக்கு முன்னால் உட்கார வையுங்கள். மல்லாத்தவே கூடாது. முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே ஒரு வெற்றிடம் இருக்கும். ஊசி இல்லாத ஒரு மில்லி சிரிஞ்சைப் பக்கவாட்டில் அங்கே நுழைத்து, அரை மில்லி விடுங்கள். தாடை அசைவதைப் பாருங்கள். விழுங்கிய பிறகுதான் அடுத்த அரை மில்லி. அவசரப்பட்டால் கூழ் நுரையீரலுக்குப் போய்விடும். கிலோ எடைக்கு நாளைக்கு 50 மில்லி அளவில், நான்கைந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். தண்ணீரைத் தனியாகக் கொடுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து ஒருவர்: ஒரு வாரமாகக் கவனமாகப் பார்க்கிறேன். எடை பத்து கிராம்கூட ஏறவில்லை. நான் ஏதாவது தப்பு செய்கிறேனா?

இல்லை. மிளகு என்று ஒரு கறுப்பு முயல் என்னிடம் 1.1 கிலோவில் வந்தாள். முதல் எட்டு நாள் முள் அசையவே இல்லை, நடுவில் ஒரு நாள் 20 கிராம் இறங்கியது. ஆனால் புழுக்கை மாறியது. வந்த அன்று மிளகளவில் கறுத்து, கோணல்மாணலாக, முடியில் கோத்த மணி மாதிரி கிடந்தது. ஆறாம் நாள் பெரிதாக, உருண்டையாக, வெளிர்பழுப்பாக வந்தது. விரலால் நசுக்கினால் உள்ளே புல் நார் தெரிந்தது. அதைப் பார்த்த அன்று இரவுதான் எனக்கு நல்ல தூக்கம். இரண்டாவது வாரத்தில் எடை ஏறத் தொடங்கியது. 1.9 கிலோ வர பத்து வாரம் ஆயிற்று.

சமையலறைத் தராசில், தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து நோட்டில் எழுதுங்கள். நன்றாகத் தின்றும் மூன்று வாரமாக ஏறவில்லை என்றால் புழுக்கையைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். ரத்தக்கழிச்சல் கிருமியும் குடல் புழுவும் சத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கலாம்.

கடலூரிலிருந்து ஒருவர்: பின்பக்கம் அழுக்கு ஒட்டி நாறுகிறது. குளிப்பாட்டலாமா?

வேண்டாம். மெலிந்த முயல் நனைந்தால் உடல் சூடு சட்டென்று இறங்கும், பயத்திலேயே மயங்கிவிடும். வெதுவெதுப்பான ஈரத்துணியால் அந்த இடத்தை மட்டும் துடைத்து, முழுக்க உலர்த்துங்கள். முடியை இழுக்காமல், வால் அடியை விலக்கிப் பாருங்கள். ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும், மழைக்காலத்தில் காலை மாலை இரண்டு வேளையும் பார்க்க வேண்டும். புழு தெரிந்தால் அதுவும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம்.

நாகர்கோவிலிலிருந்து ஒருவர்: காதுக்குள்ளும் மூக்கிலும் சாம்பல் நிறச் செதில். நாய்க்குப் போடும் உண்ணி மருந்து வீட்டில் இருக்கிறது.

அதைத் தொடாதீர்கள். நாய்க்கு முதுகில் விடும் மருந்துகளில் பலவற்றில் ஃபிப்ரோனில் இருக்கும். அது முயலுக்கு விஷம். நீங்கள் சொல்வது சொறிப்பூச்சி போலத்தான் இருக்கிறது. மருத்துவர் எடை பார்த்து ஐவர்மெக்டின் கொடுத்தால் செதில் தானே உதிரும். நீங்கள் பிய்க்காதீர்கள், ரொம்ப வலிக்கும். மெடிக்கலில் வாங்கிய அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்கை வாய்வழி கொடுத்து முயலை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். குடலின் நல்ல நுண்ணுயிரிகளை அது அழித்துவிடும்.

பக்கத்தில் முயல் பார்க்கத் தெரிந்தவர் இல்லையென்றால், சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் காட்டலாம்.

விழுப்புரத்திலிருந்து ஒருவர்: சிறுநீர் செம்மஞ்சளாகப் போகிறது. ரத்தமா?

பெரும்பாலும் கீரையின் நிறம்தான். முக்கிக்கொண்டு சொட்டுச் சொட்டாகப் போனாலோ, சிவப்பு திட்டாகத் தெரிந்தாலோ காட்டுங்கள்.

அரியலூரிலிருந்து ஒரு விவசாயி: கடலை வயலில் தனியாக ஒரு முயல் குட்டி. எடுத்து வளர்க்கலாமா?

உடம்பு முழுக்க முடியும் திறந்த கண்ணுமாக இருந்தால் அது காட்டு முயல். தாய் குட்டியைத் தனியே பதுக்கிவிட்டுப் போய், இருட்டியதும் வந்து பால் கொடுக்கும். காயம் இல்லையென்றால் அங்கேயே விட்டுவிடுங்கள் அண்ணா. காயம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருக்கவும் கூடாது.

கோவையிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை: இரண்டு மாதத்தில் உடம்பு நன்றாகத் தேறிவிட்டது. கூண்டைத் திறந்துவிட்டாலும் வெளியே வரவே மாட்டேன் என்கிறது. கை நீட்டினால் பின்னங்காலைத் தரையில் அடிக்கிறது.

கம்பித் தளத்திலேயே கிடந்த முயல்களுக்கு உள்ளங்காலில் முடி உதிர்ந்து புண் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். டைல்ஸ் தரை வழுக்கும், சாக்கு விரித்து விடுங்கள். கையை மேலிருந்து கொண்டுபோகாதீர்கள், பருந்து இறங்குவது போலத்தான் அதற்குத் தெரியும். சாயங்காலம் கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அதைப் பார்க்காமல் விடைத்தாள் திருத்துங்கள். பக்கத்தில் இரண்டு கொத்தமல்லித் தண்டு கிடக்கட்டும். மிளகு என் புடவை முந்தானையை வந்து முகர்ந்தது பத்தொன்பதாம் நாள்.