பீப்பாய்ல காசு போட்டவங்க ஏமாளிங்க இல்ல

கேள்வி: போன இதழ்ல ஜப்பான்ல இருக்கிற ஹிரோஷிமா கார்ப் பேஸ்பால் டீமை அந்த ஊரோட உயிர்னு எழுதியிருந்தீங்க. குண்டு விழுந்து கஞ்சிக்கே வழியில்லாத ஊருக்கு எதுக்கு சார் விளையாட்டு டீம்? அதுவும் இத்தனை வருஷத்துல மூணே மூணு தடவை ஜப்பான் சீரிஸ் ஜெயிச்ச டீம். இதுக்கெல்லாம் ஒரு பக்கத்தை வேஸ்ட் பண்ணணுமா?
– கரூர் வாசகர் ஒருவர்

பதில்: மூணு தடவைங்கிற கணக்கு சரிதான், 1979, 1980, 1984. ஜப்பான் சீரிஸ்னா அங்க இருக்கிற ரெண்டு லீக்லயும் ஜெயிச்ச டீம்ங்க கடைசியா மோதிக்கிற போட்டி. ஆனா மொத கேள்வி தப்பு. கஞ்சிக்கு வழியில்லாத ஊருக்கு எதுக்கு டீம்னு நீங்களும் நானும் கேக்கலாம், அந்த ஊர்க்காரங்க கேக்கல, அவங்கதான் அந்த டீமை வேணும்னு வச்சுக்கிட்டாங்க.

1945 ஆகஸ்ட் 6ல குண்டு விழுந்துச்சு. நாலே வருஷம் கழிச்சு, 1949 கடைசியில கார்ப் டீம் ஆரம்பிச்சாச்சு. கார்ப்னா கெண்டை மீன், அந்த ஊர் கோட்டைக்கே கெண்டை கோட்டைன்னு ஒரு பேர் உண்டு. அந்த நேரத்துல ஜப்பான்ல டீம் வச்சிருந்தது யாருன்னு பாருங்க, ஜயன்ட்ஸ்னா யோமியுரி பேப்பர், டைகர்ஸ்னா ஹான்ஷின் ரயில் கம்பெனி, நஷ்டம் வந்தா கம்பெனி கட்டிடும். கார்ப்புக்கு அப்படி ஒரு முதலாளியே கிடையாது, மாகாண அரசு, நகராட்சிங்க, உள்ளூர் ஜனங்க எல்லாரும் சேர்ந்து காசு போட்டு நடத்தின டீம் அது. 1950ல மொத சீசன், 41 ஜெயிச்சு 96 தோத்து கடைசி இடம்.

மறு வருஷமே கைல காசு இல்ல. பிளேயர்களுக்கு சம்பளம் குடுக்க முடியல, பேசாம ஷிமோனோசெகியில இருந்த தாய்யோ டீமோட சேர்த்து விட்டுடலாம்னு பேச்சு வந்துடுச்சு. அப்போ மேனேஜர் (பேஸ்பால்ல நம்ம ஊர் கோச் மாதிரி) இஷிமோட்டோ ஷுஇச்சி, அதே ஊர்க்காரர், விடமாட்டேன்னு நின்னாரு. ஊர் ஊரா போயி கூட்டம் போட்டு பேசினாரு, தெருவுக்குத் தெரு, ஆபீஸுக்கு ஆபீஸ் ஆதரவு சங்கம் ஆரம்பிச்சாரு. மைதானத்து வாசல்ல சாக்கே மது ஊத்தி வைக்கிற பெரிய மரப் பீப்பாய் வச்சாங்க, மேட்ச் பாக்க வந்தவங்க டிக்கெட்டுக்கும் குடுத்துட்டு கைல மிஞ்சின சில்லறையை அதுல போட்டுட்டு போனாங்க. வீடு போயி சொந்தக்காரங்க போயி, அப்பதான் தகரக் கொட்டகைலேர்ந்து எந்திரிச்சு வந்துட்டு இருந்த ஜனம் சார் அது. அவங்க போட்ட காசுலதான் டீம் கலையாம நின்னுச்சு. அந்த காசை வேஸ்ட்னு சொல்ல எனக்கு மனசு வரல.

1957ல புது மைதானம் வந்துச்சு, அதுவும் உள்ளூர் கம்பெனிங்க நன்கொடைல கட்டினது, குண்டுல எலும்புக்கூடா நின்ன அந்த டோம் கட்டடத்துக்கு ரோட்டுக்கு எதிர்ப்பக்கம். ராத்திரி மேட்ச்னா லைட் வெளிச்சம் அந்தப் பக்கம் தெரியும். 1968ல டோயோ கோக்யோ, அதாவது இன்னிக்கு மஸ்தா கார் கம்பெனி, பெரிய பங்குதாரரா வந்துச்சு. மைதானத்துல மட்டும் ஒண்ணும் மாறல, 1972, 73, 74 மூணு வருஷமும் கடைசி இடம்.

இப்ப நீங்க சொன்ன கோப்பைக்கு வரேன். 1975ல ஜோ லுட்ஸ்னு ஒரு அமெரிக்கர் மேனேஜரா வந்து தொப்பியை சிவப்பாக்கினாரு, அம்பயர் தகராறுல மொத மாசமே விலகிப் போயிட்டாரு, சிவப்பு மட்டும் நின்னுடுச்சு. அப்புறம் கோபா தகேஷி எடுத்து நடத்தி, அக்டோபர் 15ல டோக்கியோ கொராகுவென் மைதானத்துல ஜயன்ட்ஸையே அடிச்சு மொத தடவையா லீக் பட்டம் வாங்கினாங்க. ஆரம்பிச்சு 26வது வருஷம். அதுக்கடுத்த ஜப்பான் சீரிஸ்ல இன்னொரு லீக்ல ஜெயிச்ச ஹான்க்யூ டீம்கிட்ட தோத்தாங்க, உங்க கணக்குல அந்த வருஷமே வராது. ஆனா லீக் ஜெயிச்சதுக்கு ஊர்ல ஊர்வலம் போனப்ப ரோட்டோரம் நின்ன கூட்டத்துல நிறைய பேர் செத்துப்போன அப்பா அம்மா பிள்ளைங்க போட்டோவை நெஞ்சுல தூக்கிப் பிடிச்சுட்டு நின்னாங்க, அவங்களும் பாக்கட்டும்னு. இதைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல.

கார்ப் பிளேயர் கினுகாசா சச்சியோவை பத்தி சொல்லாம விட முடியாது. அப்பா கருப்பின அமெரிக்க சிப்பாய், அம்மா ஜப்பான்காரங்க, அந்தக் காலத்துல அப்படிப் பொறந்து வளர்றது லேசு இல்ல. 1979ல பந்து பட்டு தோள்பட்டை எலும்பு முறிஞ்சு போச்சு, மறுநாளே பேட்டை எடுத்துட்டு வந்து மூணு சுத்து முழு பலத்தோட சுத்தி, மூணுலயும் பந்து படாம ஸ்ட்ரைக் அவுட் ஆனாரு. மொதல்ல சுத்தினது ரசிகர்களுக்காக, ரெண்டாவது எனக்காக, மூணாவது நேத்து பந்து போட்ட நிஷிமோட்டோவுக்காகன்னு சொன்னாரு. இப்படி ஒரு மேட்ச் விடாம 2215 மேட்ச் ஆடினாரு.

1991க்கு அப்புறம் 25 வருஷம் லீக் பட்டமே இல்ல, அதுவும் உண்மை. பிளேயர்கள் இஷ்டப்பட்ட டீமுக்கு போலாம்னு 1993ல விதி வந்ததுலேர்ந்து நல்லா ஆடினவங்களை பணக்கார டீம்ங்க அள்ளிட்டு போச்சு. ஆனா அந்த காலத்துலயும் புது மைதானம் வேணும்னப்ப ஜனங்க மறுபடி பீப்பாயை எடுத்து வச்சாங்க. 2009ல மைதானம் வந்துச்சு. 2015ல, அதுவரைக்கும் அமெரிக்காவுல நியூயார்க் யாங்கீஸ் டீம்ல ஆடிட்டு இருந்த பிட்சர், அதாவது பந்து போடுறவர், குரோடா ஹிரோகி அங்க கிடைக்க இருந்த பெரிய சம்பளத்தை விட்டுட்டு, 40 வயசுல, கை நல்லா இருக்கும்போதே பழைய டீமுக்கு ஆடணும்னு திரும்பி வந்தாரு. 2016 செப்டம்பர் 10, மறுபடியும் டோக்கியோ, மறுபடியும் ஜயன்ட்ஸ், அன்னிக்கு பந்து போட்டது குரோடாதான். 25 வருஷம் கழிச்சு பட்டம் கிடைச்சதும் அவரு மைதானத்துலயே அழுதாரு.