தமிழ் வகுப்பில் படம் வரையச் சொல்வது பயனா, சார்ட் தாள் செலவா?

கேள்வி: மேல்நிலை வகுப்பில் இலக்கியப் பாடத்தோடு ஓவிய வேலையையும் சேர்த்துச் செய்யச் சொல்கிறார்கள். இதனால் மாணவர்களுக்கு இலக்கியம் புரிகிறதா, சார்ட் தாள் வாங்கிய செலவுதான் மிச்சமா?

அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருக்கிறேன். படம் வரையச் சொல்லத் தொடங்கிய முதல் இரண்டு ஆண்டுகள் என் வகுப்பில் நடந்தது சார்ட் தாள் செலவுதான்.

ஐந்திணைகளையும் வரைந்து வாருங்கள் என்று பதினொன்றாம் வகுப்புக்குச் சொன்னேன். அடுத்த வாரம் நாற்பது சார்ட்டுகள் வந்து சேர்ந்தன. பாதி, வீட்டில் அக்காமார் வரைந்து கொடுத்தவை. எல்லாவற்றிலும் நாம் ஒன்றாம் வகுப்பிலிருந்து வரைந்துவரும் அதே காட்சி: இரண்டு முக்கோண மலைகள், நடுவில் சூரியன், வளைந்து வரும் ஆறு, குடிசை, ஒரு தென்னை. குறிஞ்சிக்கு மலை பச்சை. பாலைக்கு அதே மலை மஞ்சள். நெய்தலுக்கு ஆற்றில் ஒரு படகை விட்டிருந்தார்கள், அவ்வளவுதான். முதல் (நிலமும் பொழுதும்), கரு (அங்குள்ள மரம், விலங்கு போன்றவை), உரி (காதலரின் மனநிலை) என்று தொல்காப்பியம் பிரித்துச் சொன்னதில் உரிப்பொருள் பக்கம் ஒருவரும் போகவில்லை. போகும்படி நான் கேட்கவும் இல்லையே.

மூன்றாம் ஆண்டு சார்ட்டை விட்டுவிட்டு ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொண்டேன். குறுந்தொகையில் 25ஆம் பாட்டு, கபிலர் பாடியது.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

தலைவி சொல்கிறாள்: அவன் என்னோடு கூடிய அன்று அங்கே யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான். அவனே சொன்ன சொல்லைப் பொய்யாக்கினால் நான் என்ன செய்வேன்? ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்தபடி, தினைத்தாள் போன்ற சிறிய பசுங்கால்களுடன் ஒரு குருகும் (கொக்கு இனப் பறவை) நின்றது.

இதை வரையச் சொன்னேன். நோட்டில் அரைப்பக்கம், பென்சில் மட்டும், வகுப்பிலேயே. வரைந்த ஒவ்வொரு பொருளும் பாட்டின் எந்தச் சொல்லிலிருந்து வந்தது என்று கீழே எழுத வேண்டும். பாட்டில் இல்லாததை வரைந்தால் காரணம் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி விதி ஒன்றே தென்னையையும் குடிசையையும் ஒழித்துவிட்டது.

முதல் சண்டை குருகின் கண்ணைப் பற்றி வந்தது. ஒரு பையன் வரைந்த குருகு காதலர்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. பின் வரிசையிலிருந்து ஒருவன், "ஐயா, அது மீனைத்தானே பார்க்குது?" என்றான். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. ஏரிக்கரை ஊரிலிருந்து வரும் மாணவன் ஒருவன், ஆரல் பாம்புபோல் நீளமாக இருக்கும், சேற்றுக்குள் பதுங்கிக்கொள்ளும், அதைப் பிடிக்க வேண்டுமானால் கண்ணை எடுக்கவே முடியாது என்றான். அங்கேதான் பாட்டு திறந்தது. இருந்தது ஒரே சாட்சி, அந்தச் சாட்சியும் இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை! உரையைப் பார்த்து நான் பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்த செய்திதான் இது. அப்போதெல்லாம் எழுதிக்கொண்டார்கள், இந்த முறை அவர்களே கண்டுபிடித்தார்கள்.

அடுத்தது கால். தினைத்தாளை வகுப்பில் ஒருவரும் பார்த்ததில்லை, நானும் உற்றுப் பார்த்ததில்லை. மளிகைக் கடைத் தினை உமி நீக்கியது, முளைக்காது. லவ் பேர்ட்ஸ் தீவனம் விற்கும் கடையில் உமியோடு கிடைக்கிறது. தொட்டியில் விதைத்தோம். தாள் வளர்ந்த பிறகு பார்த்தால் அது வெறும் பச்சை இல்லை, மஞ்சள் ஓடிய மெல்லிய பச்சை. உடனே இன்னொரு வழக்கு: வயலில் நாம் பார்க்கும் சின்ன வெள்ளைக் கொக்குக்குக் கால் கருப்பாயிற்றே? அப்படியென்றால் இது குளக்கொக்கு என்கிற மடையானாகத்தான் இருக்க வேண்டும், அதன் கால்தான் மங்கிய மஞ்சள் பச்சை என்று முடிவு செய்தோம். அறிஞர்கள் ஏற்பார்களோ மாட்டார்களோ, பதினாறு வயதுப் பிள்ளைகள் ஒரு கொக்கின் கால் நிறத்துக்காக உணவு இடைவேளையை விட்டுக்கொடுத்தார்கள்.

வரையவே வராது என்று அழாத குறையாக நின்ற மாணவி ஒருத்தி, சில அலைக்கோடுகளும் இரண்டு கால்களும் மட்டும் போட்டுக் கொடுத்தாள். மீதிக் குருகு எங்கே என்றேன். "அவள் தலை குனிந்திருப்பாள் ஐயா. அவளுக்குக் கால் மட்டும்தான் தெரிந்திருக்கும்" என்றாள். பாட்டில் உவமை காலுக்கு மட்டும்தான் இருக்கிறது. அந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை.

இனி உங்கள் நடைமுறைக் கவலைகள். நேரம்: ஒரு பாட்டுக்கு இரண்டு பாடவேளை போகும், அதனால் பருவத்துக்கு இரண்டு பாட்டுக்கு மேல் நான் எடுப்பதில்லை. மதிப்பெண்: மனப்பாடப் பகுதிக்கு இது ஒரு துளியும் உதவாது. நயம் பாராட்டும் கேள்விக்கு உதவுகிறது. "எதுகை, மோனை அமைந்துள்ளது" என்பதைத் தாண்டி நாலு வரி சொந்தமாக வருகிறது. பத்தாம் வகுப்புத் தேர்வில் "காட்சியைக் கண்டு கவினுற எழுதுக" என்று படத்தைக் கொடுத்துக் கவிதை கேட்டார்கள், இப்போது கவிதையைக் கொடுத்துப் படம் கேட்கிறேன் என்று சொன்னால் பெற்றோரும் சமாதானமாகிவிடுகிறார்கள். ஓவியத்தின் அழகுக்கு மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் மறுநாளே அக்காமார் திரும்பி வந்துவிடுவார்கள். கீழே எழுதிய வரிகளுக்கு மட்டும் போடுங்கள்.

எல்லாப் பாடத்துக்கும் இது ஒத்துவராது. திருக்குறளில் முயன்று பார்த்துத் தோற்றேன். ஈகை என்றால் பிச்சைக்காரருக்குக் காசு போடும் கை, கல்வி என்றால் புத்தகத்திலிருந்து கிளம்பும் கதிர்கள். கண்ணுக்கு ஒரு பொருளைக் காட்டிவிட்டு மனத்தைச் சொல்லாமல் விடும் பாட்டாகத் தேர்ந்தெடுங்கள். குறுந்தொகையில் நானூறு பாட்டு இருக்கின்றன, பெரும்பாலானவை எட்டு அடிக்குள் முடிந்துவிடும்.

தினை விதைப்பதாக இருந்தால் பாடம் தொடங்க இரண்டு மாதம் முன்பே விதைத்துவிடுங்கள். தொட்டியை அணில் எட்டாத இடத்தில் வையுங்கள். எங்கள் முதல் விளைச்சல் கதிர் வந்த வாரமே காலியாகிவிட்டது.