பின்பக்க ஸ்ட்ரட்டை வீட்டில் கழற்றலாம். ஸ்பிரிங்கைப் பிரிக்கக் கூடாது

கேள்வி: என்னிடம் 2009 மாடல் ஹூண்டாய் ஆக்சென்ட் இருக்கிறது. பின்பக்கம் இடதுபுற ஸ்பிரிங் அடிச்சுற்றில் ஒடிந்துவிட்டது. இரண்டு ஷாக் அப்சார்பரிலும் எண்ணெய் வழிகிறது. பட்டறையில் சொன்ன எஸ்டிமேட் கையைக் கடிக்கிறது. பைக் வேலையெல்லாம் நானே பார்ப்பேன். ஸ்பேனர் செட் இருக்கிறது. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும், கொக்கி வைத்த ஸ்பிரிங் கம்ப்ரஸர் ஒரு ஜோடியும் ஆன்லைனில் வாங்கிவிட்டேன். வீட்டு போர்டிகோவிலேயே மாற்றிவிடலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: பாதி வேலையைத் தாராளமாக வீட்டில் செய்யலாம். மீதிப் பாதியைத் தொடவே வேண்டாம். இந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதுதான் உங்கள் கேள்விக்கு முக்கியம்.

உங்கள் காரில் பின்பக்க ஷாக் அப்சார்பரும் காயில் ஸ்பிரிங்கும் ஒரே அசெம்பிளி. ஸ்பிரிங்கின் நடுவே ஷாக் அப்சார்பர் நிற்கும். கீழே ஒரு தட்டு, மேலே ரப்பர் மவுண்டிங், இரண்டுக்கும் இடையில் ஸ்பிரிங். இந்த முழு அசெம்பிளியைத்தான் ஸ்ட்ரட் என்கிறோம். ஸ்விஃப்ட் மாதிரிக் கார்களில் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. அங்கே வேலை வேறு மாதிரி. யூடியூபில் ஸ்விஃப்ட்டுக்குப் போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு ஆக்சென்ட்டில் கை வைக்காதீர்கள்.

காரை ஜாக்கியில் தூக்கிச் சக்கரம் தொங்கினால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஸ்ட்ரட்டைக் காரிலிருந்து கழற்றித் தரையில் போட்டாலும் அதற்குள் ஸ்பிரிங் அமுங்கித்தான் இருக்கும். மேல் மவுண்டிங்கின் நடுவில் ஷாக் கம்பியின் நுனியில் இருக்கும் ஒற்றை நட்டுதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த நட்டைச் சும்மா திருகி எடுத்தால் மவுண்டிங்கும் வாஷரும் உங்கள் முகத்தை நோக்கித்தான் வரும். மேலே இருந்து பார்க்கும்போது ஓரத்தில் இருக்கும் நட்டுகள் ஸ்ட்ரட்டை பாடியோடு பிணைப்பவை. அவற்றை நீங்கள் கழற்றலாம். நடு நட்டை மட்டும் தொடக் கூடாது. வேலை தொடங்குமுன் இரண்டு பக்கமும் அந்த நடு நட்டின் மேல் சிவப்பு பெயின்ட் ஒரு சொட்டு வையுங்கள். பக்கத்தில் உதவிக்கு நிற்பவர் ஆர்வக்கோளாறில் ஸ்பேனரைப் போட்டுவிடாமல் இருக்க இது போதும்.

நீங்கள் வாங்கியிருக்கும் கொக்கி கம்ப்ரஸரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். நன்றாக இருக்கும் ஸ்பிரிங்கிலேயே அந்தக் கொக்கி வழுக்கும், ஏனென்றால் சுற்று சாய்வாகப் போகிறது. ஒரு பக்கம் கூடவும் மறுபக்கம் குறையவும் திருகினால் ஸ்பிரிங் வாழைக்காய் போல வளையும். உங்களுடையதோ அடிச்சுற்றில் ஒடிந்த ஸ்பிரிங். அது தட்டில் நேராக உட்காரவே இல்லை. கொக்கி பிடிக்க நம்பகமான சுற்றும் அதில் இல்லை. மலிவாக விற்கும் செட்டுகளில் திருகுக்கம்பியின் மரை நாலைந்து தடவையிலேயே தேய்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். மரை கழன்றால் கம்ப்ரஸரே குண்டாகப் பாயும். கயிறு கட்டிச் செய்கிறேன், செயின் போட்டுச் செய்கிறேன் என்று சிலர் எழுதுகிறார்கள். அதையெல்லாம் கேட்காதீர்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். இரண்டு ஸ்ட்ரட்டையும் முழு அசெம்பிளியாகக் கழற்றுங்கள். சுவரிலோ தரையிலோ பொருத்திய கம்ப்ரஸர் மெஷின் உள்ள பட்டறைக்கு எடுத்துப் போங்கள். பழையதைப் பிரித்துப் புது ஷாக், புது ஸ்பிரிங் போட்டுத் தரச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து நீங்களே மாட்டிக்கொள்ளுங்கள். கூலியில் பெரும்பகுதி மிச்சமாகும், உங்கள் விரல்களும் பிழைக்கும்.

ஆனால் பட்டறைக்குப் போனதும் ஆரம்பிக்கும் தொல்லை வேறு. “ஸ்பேர் எங்ககிட்ட வாங்கினாத்தான் சார் ஃபிட்டிங்” என்பார்கள். காரணம் கமிஷன். பட்டறை சொல்லும் ஸ்பேர் கடையில் நீங்கள் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு பட்டறைக்குத் திரும்பிவருகிறது. உங்கள் எஸ்டிமேட் கையைக் கடிப்பதற்கு முதல் காரணம் அதுவாகத்தான் இருக்கும். கூலியும் ஸ்பேரும் தனித்தனியாக எழுதிய எஸ்டிமேட் கேளுங்கள். மறுத்தால் அடுத்த பட்டறை. டயர் கடைகளோடு சேர்ந்த அலைன்மென்ட் சென்டர்களில் பல, அசெம்பிளியைக் கையில் கொண்டுபோனால் கூலிக்கு மட்டும் செய்து தருகின்றன.

அடுத்த பொறி, ‘ரீகண்டிஷன்’ ஷாக். பழைய கார் சாமான் விற்கும் சென்னைப் புதுப்பேட்டை வரை போக வேண்டாம், எல்லா ஊரிலும் கிடைக்கிறது. “புதுசுல பாதி விலை, ஆறு மாசம் கேரண்டி” என்பார்கள். பழைய ஷாக்கின் உடம்பில் துளை போட்டுக் கெட்டுப்போன எண்ணெயை வடித்து, கனமான வேறு ஏதோ ஓர் எண்ணெயை ஊற்றி, துளையை வெல்டு வைத்து அடைத்துக் கருப்பு பெயின்ட் அடித்துத் தருவதுதான் இந்த ரீகண்டிஷன். தேய்ந்த வால்வு தேய்ந்தபடியே உள்ளே கிடக்கும். கேஸ் நிரப்பிய ஷாக் என்றால் அந்த கேஸ் போனது போனதுதான். கனமான எண்ணெய் என்பதால் முதல் சில வாரம் விறைப்பாக ஓடும், நீங்களும் ஏமாந்துவிடுவீர்கள். பிறகு மழை ரோட்டில் வளைவில் பிரேக் போடும்போது பின்பக்கம் தூக்கிப் போடும். உடம்பில் பட்டாணி அளவு வெல்டு மேடு தெரிகிறதா, பெயின்ட்டுக்கு அடியில் உப்புத்தாள் கீறல் இருக்கிறதா, பளபளக்க வேண்டிய கம்பியில் புள்ளி புள்ளியாகத் துரு தின்ற பள்ளம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒன்று இருந்தாலும் வாங்காதீர்கள். ஓசூரில் கேப்ரியல் தொழிற்சாலை ஷாக் அப்சார்பர் தயாரித்து அனுப்பிக்கொண்டிருக்கும் மாநிலத்தில், வெல்டு வைத்த ஷாக்கைக் குடும்பம் ஏறும் காரில் மாட்ட எந்த அவசியமும் இல்லை.

போலிப் பெட்டியும் உண்டு. தயாரித்த அல்லது பேக் செய்த நிறுவனத்தின் பெயர், முகவரி, எம்ஆர்பி, மாதமும் வருடமும், புகாருக்கான தொடர்பு ஆகியவை பெட்டியில் இருக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் எடையளவுச் சட்ட விதிகள் சொல்கின்றன. எம்ஆர்பி ஸ்டிக்கர் மேல் இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் பில் கேளுங்கள். பில் இல்லை என்று சொல்லும் கடையில் சஸ்பென்ஷன் சாமான் வாங்காதீர்கள். விதி இருக்கிறது, அதைப் பார்க்க வேண்டிய ஆட்களும் சம்பளம் வாங்குகிறார்கள், ஆனால் ஸ்பேர் கடைப் பக்கம் அவர்களைக் காண்பதே அரிது.

ஸ்பிரிங், ஷாக் இரண்டையுமே ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒடியாத வலது ஸ்பிரிங்கை விட்டுவைக்கச் சொன்னால் கேட்காதீர்கள். கூடவே பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுதாக அமுங்கும்போது அடி வாங்கும் ரப்பர்), டஸ்ட் கவர் (ஷாக் கம்பியில் தூசு படாமல் மூடும் உறை), மேல் மவுண்டிங் மூன்றும் புதிதாகப் போடுங்கள். ஒடிந்த ஸ்பிரிங்கை லேத் பட்டறையில் சூடுகாட்டி நிமிர்த்துவதும், சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் உருண்டை திணித்து உயரம் ஏற்றுவதும் வேண்டவே வேண்டாம். சூடுபட்ட ஸ்பிரிங் எஃகு தன் பதத்தை இழந்துவிடும்.

இனி போர்டிகோ வேலை. தரை சமமாக, சிமென்ட்டாக இருக்க வேண்டும். முதல் நாள் இரவே எல்லா போல்ட்டுக்கும் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைச் சற்று இளக்கிவிடுங்கள்.

ஹேண்ட்பிரேக்கை நம்பிக் காரைத் தூக்கக் கூடாது. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. உங்கள் காரில் ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை. பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அது காற்றில் நிற்கும் சக்கரத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். கார் உருள்வதைத் தடுக்காது. முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். எஞ்சினை அணைத்து முதல் கியரில் போடுங்கள். முன்சக்கரம் இழுக்கும் கார் என்பதால் கியர் பிடித்துக்கொள்ளும்.

காரோடு வந்த ஜாக்கி டயர் மாற்றத்தான். அதன் மேல் நிறுத்தி வேலை செய்தால் உயிரைப் பணயம் வைப்பதாகிவிடும். டிராலி ஜாக்கியால் தூக்கி, பாடியின் பலமான இடத்தில் இரண்டு பக்கமும் ஜாக்கி ஸ்டாண்டு கொடுத்து இறக்கி, காரைத் தள்ளி அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை உள்ளே போக வேண்டும். ஸ்டாண்டு வாடகைக்குக் கிடைக்காவிட்டால் வாங்குங்கள். கம்ப்ரஸரைத் திருப்பிக் கொடுத்த பணம் இருக்கிறது. செங்கல் வேண்டாம். ஹாலோ பிளாக் இன்னும் மோசம்: முன்னறிவிப்பே இல்லாமல் ஒரே நொடியில் பொடிந்துவிடும். பழைய கார் என்பதால் ஸ்டாண்டு உட்காரும் விளிம்பில் துரு தின்றிருக்கிறதா என்று ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். தகரம் உள்ளே போனால் வேலையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்தக் காருக்கு முதல் செலவு ஸ்ட்ரட் அல்ல.

சக்கரத்தை எடுத்ததும் பிரேக் ஹோஸ் (பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாய்) எங்கே போகிறது என்று பாருங்கள். ஸ்ட்ரட்டில் கிளிப் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏற்பாடு) ஒயர் இருந்தால் அதையும். கீழே ஹப்போடு (சக்கரம் மாட்டும் பகுதி) சேரும் போல்ட்டுகளை இளக்குமுன் அவை நிற்கும் இடத்தைச் சுற்றி சாக்கால் கோடு போட்டு வையுங்கள். வீட்டுக்குத் திரும்பி மாட்டும்போது சக்கரத்தின் சாய்வு முன்பிருந்ததற்கு அருகிலாவது வரும். ஹப்புக்கு அடியில் இன்னொரு ஜாக்கியைத் தொட்டாற்போல் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கீழ் போல்ட் வெளியே வந்ததும் ஹப் மொத்தமும் சரிந்து பிரேக் ஹோஸில் தொங்கும். கீழ் போல்ட்டுகளை முதலிலும் மேல் நட்டுகளைக் கடைசியிலும் எடுங்கள். கடைசி நட்டை எடுக்கும்போது கீழே ஸ்ட்ரட்டை ஓர் ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. டிக்கியில் எல்பிஜி சிலிண்டர் இருக்கிறதா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. இந்த வயதுக் கார்களில் பின்னாளில் எல்பிஜி கிட் போட்டவை நிறைய. இருந்தால் நான் மேலே சொன்ன எதையும் வீட்டில் செய்யாதீர்கள். பின்சீட்டுக்குப் பின்னால் குறுக்கே படுத்திருக்கும் சிலிண்டர் என்றால், ஸ்ட்ரட்டின் மேல் நட்டுக்கு ஸ்பேனர் போகும் வழியை அது மறைக்கக்கூடும். “நாலு போல்ட்தானே, கொஞ்சம் நகர்த்திக்கலாம்” என்று தோன்றும். நகர்த்தினால் குழாயின் இணைப்பு அசையும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் டிக்கியின் அடியிலும் போர்டிகோ தரையிலும் தேங்கும். பக்கத்தில் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்தால் போதும், தீ பற்றிவிடும். ஸ்பேர் டயர் குழியில் உட்காரும் வட்டச் சிலிண்டர் என்றால் நட்டுக்கு வழி இருக்கும். ஆனாலும் அந்த எடையைப் பல வருடம் சுமந்ததால்தான் ஸ்பிரிங் ஒடிந்திருக்குமோ என்று பார்க்க வேண்டும். சிலிண்டரின் தாங்கியும் போல்ட்டுகளும் எப்படி இருக்கின்றன என்பதைக் கிட் வேலை தெரிந்தவர் பார்க்க வேண்டும். சிலிண்டர் காலியாக இருந்தாலும் இதே விதிதான், ஏனென்றால் காலி என்று நாம் சொல்லும் சிலிண்டரிலும் வாயு மிச்சம் இருக்கும். எல்பிஜி மாற்றம் ஆர்சி புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆர்டிஓவில் அந்தப் பதிவைத்தான் பார்ப்பார்கள். சிலிண்டர் எந்த போல்ட்டில் நிற்கிறது என்று குனிந்து பார்க்கும் ஆய்வை நான் இதுவரை கண்டதில்லை.

பட்டறையில் அசெம்பிளி சேர்க்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். புது ஷாக்கை நேராக நிறுத்தி மூன்று நான்கு முறை முழுதாக அமுக்கி இழுத்த பிறகே ஸ்பிரிங்கில் ஏற்ற வேண்டும். ஸ்பிரிங்கின் அடி நுனி, கீழ்த் தட்டில் அதற்கென்று இருக்கும் படியில் முட்டி உட்கார வேண்டும். விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் பிரித்துத் திரும்பச் சேர்க்கச் சொல்லுங்கள். அப்படியே விட்டால் முதல் பள்ளத்திலேயே ஸ்பிரிங் சுழன்று ‘டங்’ என்று அடிக்கும்.

திரும்ப மாட்டும்போது போல்ட்டை எவ்வளவு இறுக்குவது? டார்க் ரெஞ்சில் (டார்க் என்னும் இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) கம்பெனி சொன்ன அளவுக்கு. அந்த அளவு காரோடு கொடுத்த கையேட்டில் இருக்காது. சர்வீஸ் மேனுவலில்தான் இருக்கும், அதை உங்களுக்குத் தர மாட்டார்கள். 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு ‘பழுது நீக்கும் உரிமை’ என்று போர்ட்டல் தொடங்கி, வாகனத் துறையையும் அதில் சேர்த்தது. ஆனாலும் சர்வீஸ் கவுண்டரில் ஒரு போல்ட்டின் டார்க் கேட்டால் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். ஸ்பேனரைக் காலால் மிதித்து இறுக்கும் ஊரில் அந்த எண்ணை மறைத்து வைத்து யாருக்கு என்ன லாபம் என்று எனக்குப் புரியவே இல்லை. விடாமல் கேளுங்கள், எழுதி வாங்குங்கள்.

ஸ்பிரிங் ஏன் ஒடிந்தது என்றும் கேட்பீர்கள். வயது, துரு, பாரம் எல்லாம் காரணம்தான். இன்னொரு காரணம் தெருவில் இருக்கிறது. வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமுமாக வளைந்து ஏறி இறங்க வேண்டும் என்று ஐஆர்சியின் (இந்தியச் சாலைகள் காங்கிரஸ்) 1988-ஆம் ஆண்டு ஐஆர்சி 99 நெறிமுறை சொன்னது. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் ஏறினாலும் கார் தாங்கும் அளவு அது. நம் தெருக்களில் ஒரு சட்டி கான்கிரீட்டைக் கொட்டிக் கரண்டியால் தேய்த்துவிட்டுப் போகிறார்கள். புது ஸ்பிரிங் போட்டாலும் அவற்றின் மேல் நடைவேகத்தில்தான் ஏற வேண்டும்.

மாட்டி முடித்ததும் பிரேக்கை நாலு முறை மிதித்துப் பாருங்கள். தெருவை ஒரு சுற்று மெதுவாகச் சுற்றிவிட்டு வந்து வீல் நட்டுகளையும் ஸ்ட்ரட் போல்ட்டுகளையும் மறுபடி சரிபாருங்கள். அடுத்த நாளே நான்கு சக்கர அலைன்மென்ட். முன்சக்கரம் மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கேட்டால், பின்சக்கர அளவுகள் அச்சிட்ட தாளைக் காட்டச் சொல்லுங்கள். பழைய ஷாக்குகளை இரும்புக் கடையில் போடலாம். அறுக்கவோ தீயில் போடவோ வேண்டாம், உள்ளே அழுத்தத்தில் கேஸ் இருக்கக்கூடும்.