பட்டியலில் 80 பேர், அவசரத்துக்கு நாலு பேர்

கேள்வி: எங்கள் ஊரில் அறக்கட்டளை நடத்தும் 30 படுக்கை மருத்துவமனை இருக்கிறது. ரத்த வங்கி 40 கி.மீ. தள்ளி, மாவட்டத் தலைநகரில். மருத்துவமனைக்குத் துணையாக 80 பேர் கொண்ட ரத்ததானப் பட்டியல் வைத்திருக்கிறோம். பிரசவ அவசரத்துக்கு அழைத்தால் நாலைந்து பேர்தான் தேறுகிறார்கள். அவர்களிலும் ஓரிருவர் ரத்த வங்கியிலிருந்து திரும்பி வருகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காத பெண்ணுக்கு, அந்த நேரத்தில் ஆள் பிடித்து எடுக்கும் ரத்தம் பெரும்பாலும் உதவிக்கு வராது. எடுத்த பையை எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிஃபிலிஸ், மலேரியா என ஐந்துக்கும் பரிசோதிக்காமல் ஏற்றக்கூடாது. அதற்கே சில மணி நேரம் போய்விடும். முன்பே பரிசோதித்துக் குளிரில் வைத்த பைதான் அவள் உயிரைக் காக்கும். ஆகவே உங்கள் 80 பேரில் பெரும்பாலோர் அழைப்புக்குக் காத்திருக்காமல், முறை வைத்து முன்கூட்டியே கொடுக்க வேண்டும்.

ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். அவர்களை நான்கு அணியாகப் பிரித்து மாதம் ஓர் அணியை அனுப்பினால் இருவருக்குமே கணக்கு சரியாக வரும். ஆகஸ்ட் 15 அன்று 80 பேரும் ஒரே முகாமில் கொடுக்கும் வழக்கம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சாதாரணப் பையில் ரத்தம் 35 நாள்தான் தாங்கும். அதற்குள் தீராதது வீணாகும். செப்டம்பர் கடைசியில் கேட்டால் பையும் இருக்காது, கொடுக்கத் தகுதியானவரும் இருக்க மாட்டார்.

பட்டியலில் பெயர், பிரிவு, செல்பேசி எண் மட்டும் இருந்தால் போதாது. கடைசியாகக் கொடுத்த தேதி, எடை, கடைசி ஹீமோகுளோபின் அளவு மூன்றுக்கும் கட்டம் போடுங்கள். குறைந்தது 45 கிலோ எடை, 12.5 கிராம் ஹீமோகுளோபின் வேண்டும். விரல் நுனியில் குத்திப் பார்த்து 12.1 என்று வந்தால் எவ்வளவு ஆர்வமாக வந்தவரையும் அனுப்பிவிடுவார்கள். நம் பெண்கள் பலர் திரும்புவது இதனால்தான். அவர்களை உங்கள் மருத்துவமனை மருத்துவரிடம் காட்டி இரும்புச்சத்துக்கு வழி கேளுங்கள். பட்டியலுக்காக இல்லாவிட்டாலும் அது அவர்களுக்கே தேவை. பச்சை குத்தி ஓராண்டு ஆகாதவர், மலேரியா வந்து மூன்று மாதம் ஆகாதவர், வெறும் வயிற்றோடு வந்தவர், இரவெல்லாம் வேலை பார்த்துத் தூங்காமல் வந்தவர் ஆகியோரையும் எடுக்க மாட்டார்கள். கிளம்பும் முன் போனிலேயே இவற்றைக் கேட்டுவிட்டால் 40 கி.மீ. அலைச்சல் மிச்சம்.

அடுத்து, மருத்துவமனை நிர்வாகத்திடம் ரத்தச் சேமிப்பு மையம் பற்றிப் பேசுங்கள். ரத்தம் எடுக்காமல், தாய் ரத்த வங்கியிலிருந்து (பைகளைத் தரும் பெரிய வங்கி) பரிசோதித்த பைகளை வாங்கி வைக்கும் ஏற்பாடு இது. ஆண்டுக்கு 2,000 பைக்கு மேல் தேவைப்படாத மருத்துவமனைகளுக்கு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி தருகிறது. சுமார் 10 சதுர மீட்டர் குளிரூட்டிய அறையும், பையின் ரத்தம் நோயாளிக்குப் பொருந்துமா என்று பார்க்கப் பயிற்சி பெற்ற டெக்னீஷியனும் வேண்டும்.

இங்கேதான் நல்ல மனதோடு ஒரு தவறு நடக்கிறது: வீட்டு ஃபிரிட்ஜை நன்கொடையாகக் கொடுத்துவிடுகிறார்கள். ரத்தம் 2 முதல் 6 டிகிரிக்குள்ளேயே இருக்க வேண்டும். வீட்டு ஃபிரிட்ஜில் கதவோரம் சூடேறும், ஃபிரீசருக்கு அடியில் உறையும். உறைந்த பையில் சிவப்பணு உடைந்துவிடும். அதை ஏற்றினால் நோயாளியின் உயிருக்கே ஆபத்து. ரத்தத்துக்கென்றே செய்த, அலாரம் உள்ள குளிர்பெட்டிக்குப் பணம் திரட்டுங்கள். ஜெனரேட்டர் டீசல் செலவை ஏற்றுக்கொண்டால் அதுவும் பேருதவி. பைகளைக் கொண்டுவரும் பெட்டியிலும் ஐஸ் பேக் நேராகப் பையில் படக்கூடாது. நடுவில் அட்டை வையுங்கள்.

தட்டணுக்களை (ரத்தம் உறைய உதவுபவை, டெங்குவில் குறைபவை) மட்டும் இப்படிச் சேர்த்து வைக்க முடியாது. ஐந்து நாள்தான் தாங்கும், அதுவும் 20 முதல் 24 டிகிரியில் அசைத்துக்கொண்டே இருந்தால். டெங்கு காலத்துக்கும் அரிய நெகட்டிவ் பிரிவுகளுக்கும் 10, 15 பேரை மாதாந்திர முறையில் சேர்க்காமல் தனியே நிறுத்தி வையுங்கள்.