அண்ணாச்சி கடைசியில் பேசட்டும்

கேள்வி: களக்காடு பக்கம் வாழை விவசாயிகள் சேர்ந்து நடத்துகிற உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் எங்களுடையது. இயக்குநர்கள் 11 பேர், அதில் 2 பெண்கள். கையில் 9 லட்சம் ரூபாய் இருக்கிறது. குட்டியானை வண்டி வாங்குவதா, பழுக்க வைக்கும் அறை கட்டுவதா, சிப்ஸ் போடுவதா, உரக்கடை வைப்பதா என்று நாலு கூட்டம் போட்டாச்சு. தலைவர் அண்ணாச்சி பேசியதும் எல்லோரும் தலையாட்டுகிறார்கள், வெளியே டீக்கடையில் போய் வேறு பேசுகிறார்கள். நெட்டில் பார்த்தால் பிரெயின்ஸ்டார்மிங், டெல்ஃபி, நாமினல் குரூப் என்று என்னென்னமோ இருக்கிறது. எங்களுக்கு எது ஒத்து வரும்?

பதில்: நேராகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு நாமினல் குரூப் முறை, அதாவது பேசாமல் எழுதி ரகசியமாகப் புள்ளி போடுவது; அது முடிந்த பிறகு பிரீமார்ட்டம் என்று ஒன்று, அதாவது திட்டம் படுத்துவிட்டது என்று வைத்துக்கொண்டு காரணம் தேடுவது. இந்த இரண்டு போதும். மற்றதெல்லாம் ஏன் வேண்டாம் என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் நாளைக்கு யாராவது பயிற்சி கொடுக்க வந்து போர்டில் நாலு கட்டம் போட்டுக் குழப்பிவிட்டுப் போவார்கள்.

முதலில் உங்கள் நோய் என்ன என்று பார்க்கணும். யோசனைப் பஞ்சம் இல்லை, நாலு யோசனை கையில் இருக்கிறது. அண்ணாச்சி கெட்டவரும் இல்லை. அவர் முதலில் பேசுகிறார், அவ்வளவுதான் பிரச்சினை. "அண்ணாச்சி சொல்லுதது சரிதான்" என்று இரண்டாவது ஆள் சொன்னதுமே மூன்றாவது ஆளுக்குத் தொண்டை அடைத்துவிடும். இது நம்ம ஊர்க் குணம் மட்டும் என்று நினைக்காதீர்கள். சாலமன் ஆஷ் என்கிற உளவியலாளர் 1951-ல் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களிடம் கோடுகளைக் காட்டி, எது எதற்குச் சமம் என்று கேட்டார். கூட இருந்தவர்கள் ஏற்கெனவே பேசி வைத்துக்கொண்டு தப்பான பதிலையே வரிசையாகச் சொல்ல, அதைக் கேட்டவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை தாங்களும் அதே தப்பைச் சொன்னார்கள். கண்ணெதிரே இருக்கிற கோட்டுக்கே இந்தக் கதி என்றால் 9 லட்சம் ரூபாய் விவகாரத்தைக் கேட்கவே வேண்டாம். ஆனால் கூட்டத்தில் ஒரே ஒரு ஆள் மாற்றிச் சொன்னாலும் இந்தத் தலையாட்டல் வெகுவாகக் குறைந்துபோனது.

பிரெயின்ஸ்டார்மிங்கை ஆஸ்போர்ன் என்கிற விளம்பரக் கம்பெனிக்காரர் பிரபலமாக்கினார். யாரும் யாரையும் குறை சொல்லக்கூடாது, தோன்றுவதையெல்லாம் சொல்லணும், எண்ணிக்கை முக்கியம் என்பதெல்லாம் அவர் வைத்த விதி. கேட்க ஜோராக இருக்கும். 1958-ல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து சொன்னதைவிட, நாலு பேர் தனித்தனியாக யோசித்ததைத் தொகுத்தபோது யோசனைகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தன. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்கணும், காத்திருக்கும்போது யோசனை மறந்துவிடும் அல்லது ஆறிவிடும், அதுதான் முக்கியக் காரணம் என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். உங்கள் கூட்டத்தில் இது அண்ணாச்சிக்கு இன்னொரு மேடை ஆகிவிடும், விடுங்கள்.

டெல்ஃபி வேறு வகை. ராண்ட் என்கிற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 1950-களில் உருவாக்கியது. ஆட்கள் சந்திக்கவே மாட்டார்கள், பெயர் இல்லாமல் எழுதிக் கொடுப்பார்கள், ஒருவர் தொகுத்து எல்லோருக்கும் திருப்பி அனுப்புவார், அதைப் பார்த்துத் தங்கள் பதிலை மாற்றிக்கொள்ளலாம், இப்படி இரண்டு மூன்று சுற்று. ஓணத்துக்கு ஏத்தன் வாழை கிலோ என்ன விலை போகும் என்று கணிக்கணும் என்றால் நன்றாக உதவும். ஒவ்வொருவரும் உங்களுக்குத் தனியாக வாட்ஸ்அப் அனுப்பினால் போதும், குரூப்பில் போடக்கூடாது. ஆனால் 'எதை வாங்குவது' என்பது வெறும் கணிப்பு இல்லையே, முகம் பார்த்துப் பேசி ஒத்துக்கொள்ள வேண்டிய விஷயம். ஸ்டெப்லேடர் என்று ஒன்று இருக்கிறது, ஆட்களை ஒவ்வொருவராக அறைக்குள் சேர்ப்பது, வருகிறவர் மற்றவர் பேச்சைக் கேட்பதற்கு முன் தன் கருத்தைச் சொல்லிவிடணும். நாலைந்து பேருக்குச் சரி. 11 பேருக்குச் செய்தால் ராத்திரி பஸ் போய்விடும்.

எதிர்த்துப் பேசுவதற்கென்றே எதிர்வாதியாக ஓர் ஆளை நியமிப்பது பழைய வழக்கம். கத்தோலிக்கத் திருச்சபை 1587-லிருந்து, ஒருவருக்குப் புனிதர் பட்டம் தருவதற்கு முன் எதிர்த்து வாதாட என்றே ஓர் அதிகாரியை வைத்திருந்தது. நம்ம பக்கமோ இதற்கு நேர் எதிர். திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகிற வழியில் மானூர் இருக்கிறதே, அங்கே கோயிலில் சுமார் 1,200 வருஷத்துக்கு முந்தைய பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று. ஊர்ச்சபையில் யார் உட்காரலாம் என்று விதி சொல்லிவிட்டு, வருகிற எல்லா விஷயத்துக்கும் 'அன்று, அன்று' என்று முட்டுக்கட்டை போடுகிறவருக்கும் அவருக்குத் துணை நிற்பவருக்கும் 5 காசு தண்டம் என்கிறது. அந்தச் சபையில் எவரோ ஒருவர் எல்லோரையும் எவ்வளவு படுத்தியிருந்தால் அதைக் கல்லில் வெட்டுவார்கள் என்று யோசித்தால் சிரிப்புதான் வருகிறது. உங்கள் ஊரில் ஒருவரை எதிர்வாதியாகப் போட்டால் ஒன்று அவர் ஒப்புக்குப் பேசுவார், இல்லையென்றால் நிஜமாகவே பேசி அண்ணாச்சி வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பு வராமல் போகும். வேண்டாம்.

சரி, நாமினல் குரூப். டெல்பெக், வான் டி வென் என்ற இரண்டு பேர் 1971-ல் எழுதி வெளியிட்ட முறை. முதலில் எல்லோரும் பேசாமல் பத்து நிமிஷம் எழுதணும். அப்புறம் சுற்றி வந்து ஒருவருக்கு ஒரு கருத்து என்று சார்ட்டில் ஏற்றணும், அதுவரை விவாதம் கிடையாது. அதன் பிறகு ஒவ்வொன்றையும் புரிந்துகொள்வதற்கு மட்டும் பேச்சு. கடைசியில் ரகசியமாகப் புள்ளி. நான் ஒரு சின்ன மாற்றம் செய்வேன்: எழுதிய சீட்டைச் சுற்றி வந்து சொல்லச் சொல்லாமல் ஒரு டப்பாவில் வாங்கி, நீங்களே உங்கள் கையெழுத்தில் சார்ட்டில் எழுதுங்கள். ஒரே ஊர்க்காரர்களுக்குள் யார் எழுத்து எது என்று தெரிந்துவிடும், அதற்காக.

புள்ளிக் கணக்கை உங்கள் நாலு யோசனையை வைத்தே ஓட்டிப் பார்ப்போம். ஒவ்வொருவரும் மூன்றைத் தேர்ந்து 3, 2, 1 என்று போடணும். 11 பேருக்கு மொத்தம் 66 புள்ளி. குட்டியானை 24, உரக்கடை 19, பழுக்க வைக்கும் அறை 15, சிப்ஸ் 8 என்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே "வண்டி ஜெயிச்சிட்டு" என்று எழுந்துவிடாதீர்கள். சீட்டுகளைத் தரையில் பரப்புங்கள். வண்டிக்கு 8 பேர் 3 போட்டிருக்கிறார்கள், மீதி 3 பேர் அதைத் தொடவே இல்லை, அவர்களுடைய முதல் இடம் அறைக்கு. உரக்கடையோ ஒருவருக்கும் முதல் விருப்பம் இல்லை, ஆனால் 11 சீட்டிலும் இருக்கிறது. இங்கேதான் உங்கள் நாலு கூட்டத்திலும் வெளியே வராத விஷயம் ஒளிந்திருக்கும். அந்த 3 பேர் யார் என்று துருவக் கூடாது. "வண்டி வாங்கினால் யார் யாருக்குப் பயன்படாது?" என்று பொதுவாகக் கேளுங்கள். கால்வாய்க்கு அந்தப் பக்கத் தோட்டத்துக்குப் பாதையே கிடையாது, வாழைத்தாரைத் தலைச்சுமையாகத்தான் கொண்டுவரணும் என்று யாராவது சொல்வார். அதைப் பேசிவிட்டு இன்னொரு தடவை புள்ளி போடுங்கள்.

எழுதச் சிரமப்படுகிறவர்கள் இருந்தால் வண்டி, பை, அறை, சட்டி என்று படம் வரைந்து சீட்டு கொடுங்கள். பத்தமடைப் பக்கம் ஒரு மகளிர் குழுவில் ஆளுக்கு ஆறு புளியங்கொட்டை கொடுத்து, துணி மூடிய டம்ளர்களில் போடச் சொன்னேன். குஷியாகச் செய்தார்கள், சீக்கிரமும் முடிந்தது. ஆனால் ஒரு யோசனையை எத்தனை பேர் தொடவே இல்லை என்கிற கணக்கு டம்ளரில் தெரியாது, எல்லாம் கலந்துவிடும். அதனால் உங்களுக்குச் சீட்டுதான். இன்னொன்று, இந்தப் புள்ளி சட்டப்படி தீர்மானம் ஆகாது. முடிவானதும் இயக்குநர் குழுவில் முறைப்படித் தீர்மானம் போட்டுப் புத்தகத்தில் ஏற்றிவிடுங்கள்.

இப்போது அண்ணாச்சி. அவரை வாயைக் கட்டிப்போட்டு உட்கார வைக்க முடியாது, அது மரியாதையும் இல்லை. 1962 கியூபா ஏவுகணை நெருக்கடியில் கென்னடியே சில கூட்டங்களில் வேண்டுமென்றே உட்காராமல் இருந்தார், அதிபர் முன்னால் ஆட்கள் மனசில் இருப்பதைச் சொல்ல மாட்டார்கள் என்று. உங்கள் தலைவரைக் கூட்டத்துக்கு வராதீர்கள் என்று சொல்ல முடியுமா என்ன? முந்தின நாள் சாயந்திரம் அவர் வீட்டுக்குப் போங்கள். அவருக்கும் ஒரு சீட்டு உண்டு, புள்ளி போடும்வரை வாய் திறக்க வேண்டாம், அதற்குப் பிறகு நடக்கப்போகிற பெரிய வேலை உங்களுடையது என்று சொல்லுங்கள். அந்த வேலைதான் பிரீமார்ட்டம்.

கேரி க்ளைன் என்பவர் 2007-ல் எழுதிப் பரவலாக்கியது. முடிவு எடுத்த பிறகு, 'இரண்டு வருஷம் கழிந்துவிட்டது, இந்தத் திட்டம் படுத்துவிட்டது, ஏன் படுத்தது?' என்று எல்லோரும் எழுதுவது. படுக்குமா என்று கேட்டால் "ஒண்ணும் ஆவாது" என்பார்கள். படுத்தாச்சு என்று வைத்துக் கேட்டால் டிரைவர் நிற்கவில்லை, கடனுக்குப் போன உரப் பணம் திரும்பவில்லை, சூறைக்காற்றில் வாழை விழுந்த வருஷம் தவணை கட்ட முடியவில்லை என்று வரிசையாகக் கொட்டும். நம்ம ஊரில் ஒரு சிக்கல், ஆரம்பிக்கும்போதே படுத்தது என்று சொல்வதா, அபசகுனம் என்று முகம் சுளிப்பார்கள். அதனால் நான் கேள்வியை மாற்றிக் கேட்பேன்: இதே மாதிரி வேறொரு ஊரில் ஒரு சங்கம் ஆரம்பித்து மூடிவிட்டார்கள், என்ன நடந்திருக்கும்?

அண்ணாச்சி வயசுக்கு இதுமாதிரி மூடிப்போன சங்கம் நாலைந்தாவது பார்த்திருப்பார். எந்தச் சங்கத்தில் யார் கணக்கு எழுதினார், எப்போது பூட்டு விழுந்தது என்று தேதியோடு சொல்வார். அந்த அரை மணி நேரத்தை முழுக்க அவருக்கே விடுங்கள், நீங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.