கக்கத்து வெட்டைச் சொன்னால் நெஞ்சு ஏன் எரிகிறது?

சுன்னாகத்திலிருந்து 31 வயது வாசகி ஒருவர் எழுதுகிறார்: "ஆறு வருடமாக வீட்டில் சாறிச் சட்டை தைத்துக் கொடுக்கிறேன். நல்லூர்த் திருவிழாவுக்கென்று தைத்த சட்டையோடு ஒரு அக்கா திரும்பி வந்தார். 'பிள்ளை, கையைத் தூக்கினா சட்டை முழுக்க மேல ஏறுது. உம்மட எல்லாச் சட்டையும் உப்பிடித்தான். கக்கத்து வெட்டை ஒருக்காப் பாரும்' என்றார். அளவு கொடுக்க வந்த இன்னொருவரும் அப்போது இருந்தார். அக்கா கெட்டவர் இல்லை, சொன்னதும் பொய்யில்லை. ஆனாலும் இரண்டு கிழமையாக எனக்கு நித்திரை இல்லை. தேர் அன்று அவரைக் கண்டதும் கச்சான் கடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். எனக்கு என்ன, தலைக்கனமா?"

தங்கச்சி, தலைக்கனம் பிடித்தவர்கள் இப்படிக் கடிதம் எழுத மாட்டார்கள். 'அக்காவுக்கு உடம்பு வைச்சிட்டுது' என்று சொல்லிவிட்டு நன்றாக நித்திரை கொள்வார்கள்.

நான் படிப்பிக்க வந்த முதல் வருடம் ஒரு கல்வி அதிகாரி என் வகுப்பில் கடைசி வாங்கில் இருந்து பாடத்தைப் பார்த்தார். பிறகு ஒரு பக்கம் நிறைய எழுதித் தந்தார். நல்லதாகவும் நிறைய எழுதியிருந்தார் என்று நினைக்கிறேன். ஆனால் இன்று ஞாபகத்தில் இருப்பது ஒரே வரி: 'ஆசிரியை கரும்பலகையோடு கதைக்கிறார்.' அன்று பின்னேரம் சைக்கிளில் வீடு போகும் வழியெல்லாம் அந்த மனிதரைத் திட்டினேன். அடுத்த நாள் பிள்ளைகளைப் பார்த்துத்தான் நின்றேன். ஆனால் அவர் சொன்னதற்காக இல்லை, நானாகவே நினைத்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்தப் பொய்யைக் கைவிட எனக்குப் பல வருடம் எடுத்தது.

நாங்கள் வளர்ந்த விதத்தைப் பாருங்கள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில், வெட்டுப்புள்ளி, சாதாரண தரம், உயர்தரம், அதற்கும் மேலே ஒரு இசட் புள்ளி. தேர்ச்சி அறிக்கை வீட்டுக்கு வரும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புள்ளியும் கூடவே வந்துவிடும். சிவப்புப் பேனையால் ஆசிரியர் ஓரத்தில் எழுதியதை யார் வாசித்தார்கள்? இஸ்ரேலில் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988இல் இதைப் பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறார். குறிப்பு மட்டும் எழுதிக் கொடுத்த பிள்ளைகள் முன்னேறினார்கள். குறிப்போடு புள்ளியும் போட்டுக் கொடுத்தபோது குறிப்பால் பயனில்லாமல் போயிற்று. கண் நேரே புள்ளிக்குத்தானே போகும்.

அக்கா உங்களுக்குச் சொன்னது குறிப்பு. உங்கள் காதில் விழுந்தது புள்ளி. கக்கத்து வெட்டு என்று அவர் சொல்ல, ஆறு வருடமும் பிழை, நீயும் பிழை என்று நீங்கள் கேட்டீர்கள்.

ஆனால் முழுப் பழியையும் உங்கள் தலையில் கட்ட மாட்டேன். 'உம்மட எல்லாச் சட்டையும்' என்ற அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் பாதி எரிச்சல் வந்திராது. குளூகர், டெனிசி என்ற இருவர் 1996இல் அறுநூறுக்கு மேற்பட்ட ஆய்வு முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நிறை குறை சொல்வது பொதுவாக உதவினாலும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அது வேலையை இன்னும் கெடுத்திருந்தது. கவனம் செய்த வேலையை விட்டுச் செய்த ஆளிடம் போனால் சொன்னதன் பயன் குறைந்துவிடுகிறது என்பது அவர்கள் விளக்கம். அப்புறம், அந்த மூன்றாவது ஆள். எங்கள் ஊரில் இன்னொருவர் முன்னால் சொன்னது வேலிக்கு அங்காலும் கேட்டுவிடும். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அதற்காக நீங்கள் நோவதில் நியாயம் இருக்கிறது. இதை ஒருநாள் ஆறுதலாக அவரிடமே சொல்லுங்கள், ஆனால் சட்டை சரியான பிறகு.

ஏனென்றால் சட்டை சரியில்லை. கை இறுக்குகிறது என்று யாராவது சொன்னால் கக்கத்தை இன்னும் கீழே இறக்கி வெட்டத்தான் தோன்றும். இறக்க இறக்க, கையைத் தூக்கும்போது சட்டையும் சேர்ந்து மேலே போகும். நீங்களும் அதைத்தான் செய்துவருகிறீர்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் தைத்து நீங்களே உடுத்தும் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, கண்ணாடிக்கு முன்னால் நின்று கொடியில் உடுப்புக் காயப்போடுவது போல இரண்டு கையையும் தூக்கிப் பாருங்கள். வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்துச் செய்யுங்கள். முதல்தரம் தனியாகப் பார்ப்பது சுகம்.

பிடிக்காததால் சொல்லாமலே திருநெல்வேலிப் பக்கம் வேறு தையற்காரரிடம் போனவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியாது. திரும்பி வந்தவர் இந்த அக்கா. இனி யாராவது குறை சொன்னால் உடனே மறுமொழி வேண்டாம். "எந்தச் சட்டை, என்ன செய்யேக்க இழுக்குது?" என்று கேளுங்கள். கேள்வி கேட்டால் கதை உங்களை விட்டுத் துணிக்குப் போய்விடும். முகம் சிவந்தால் சிவக்கட்டும், அதற்கு மருந்தில்லை.

அக்காவின் சட்டையை வாங்கி, கக்கத்தில் ஒரு சின்ன ஒட்டுத்துண்டு வைத்துக் கொடுங்கள். அந்தத் துணியில் மிச்சம் இருக்கும்தானே? தைக்கிற வீட்டில் மிச்சத்துணி இல்லையென்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.